அடுத்த பெயர்

ஹாஜிராவிடம் கணினி நிரல் எழுதக் கற்க வந்தவர்களில் ஏசுவடியான்தான் வயதில் பெரியவர். அவருக்கு நாற்பத்தொன்பது. ஹாஜிராவுக்கு முப்பத்திரண்டு. இருபது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பள்ளியை மூடிய பிறகு அவள் முன்னால் மாணவராக வந்து உட்கார்ந்தார். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை சார் என்றாள். யார் யாருக்கு வாத்தியார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் தனியாக எழுதிய முதல் நிரல், ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கானது. அங்கே ஒரு பட்டியல் உண்டு. வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்கள், தொண்ணூறு சொச்சம் பேர். ஞாயிறு மாலை நிரல் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பதிந்தவருக்கு முதலில் என்று நேரம் ஒதுக்கி, எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஒவ்வொருவர் போனுக்கும் செய்தி அனுப்பும். இறந்துவிட்டார், வேறு ஊருக்கு மாறிவிட்டார் என்று நர்ஸ் குறித்து வைத்திருந்தால், அந்தப் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

ஐந்து மாதம் ஒரு புகாரும் இல்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சிவகிரிப் பக்கத்திலிருந்து வெள்ளைப்பாண்டி என்று ஒருவர் ஹாஜிராவின் அலுவலகத்துக்கு வந்தார். மருத்துவமனையில்தான் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பட்டன் வைத்த பழைய போன் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மெசேஜ் வந்தா வாங்கன்னு சொல்லியிருந்தாங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம் வரல. சரி, அடுத்த வாரம் வரும்னு இருந்துட்டோம்."

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேக்கலையா?" என்றார் ஏசுவடியான்.

"எப்பக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தெரியாதா."

அவர் மனைவி குருவம்மாளுக்கு அந்த வாரமே சனிக்கிழமை மூச்சு வாங்கியிருக்கிறது. வேன் பிடித்து ஏற்றியிருக்கிறார். பாதி வழியில் முடிந்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. போனை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

"இதுல ஏதும் கோளாறான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ரீசார்ஜ் பண்ணித்தான் வச்சிருந்தேன். என் மக நம்ப மாட்டேங்குது."

ஏசுவடியான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன் நல்லாத்தான் இருக்கு."

வெள்ளைப்பாண்டி போனை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பகல் முழுக்க ஏசுவடியான் சாப்பிடவில்லை. குருவம்மாளின் பெயர் பட்டியலில் இருந்தது. எண் சரியாக இருந்தது. அவளுக்கு மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் செய்தி போயிருந்தது. அவளுக்குப் போகவில்லை.

ஹாஜிராவிடம் போய் நின்றார்.

"முதல் பேர்லேருந்து கடைசிப் பேர் வரைக்கும் படிக்கத்தான் எழுதியிருக்கேன் மேடம். இந்த ஒரு பேரை எப்படி விட்டுச்சு?"

ஹாஜிரா திரையில் அவர் எழுதியதைப் படித்தாள். எட்டு வரிதான். படித்து முடித்த பிறகும் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவள் முகம் வெளிறியதை அவர் கவனித்தார்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றாள்.

டயாலிசிஸ் பிரிவின் வெளியே ஒரு நீளமான நடைக்கூடம். சுவரோரம் ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்பதிலும் ஆட்கள். உள்ளே போகுமுன் எடை பார்க்க வேண்டும். அதற்கு ஆளுக்கொரு சீட்டு. ஹாஜிரா நர்ஸ் ஸ்டெல்லாவிடம் ஏதோ பேசி, சீட்டுக் கட்டை வாங்கி ஏசுவடியான் கையில் கொடுத்தாள்.

"இந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாற்காலியை எண்ணிக்கிட்டே போங்க. எடை பாத்தாச்சான்னு கேளுங்க. பாத்தாச்சுன்னா எழுப்பி உள்ளே அனுப்புங்க. இல்லன்னா சீட்டுக் கொடுங்க."

"இவ்வளவுதானா?"

"நீங்க எழுதினது இவ்வளவுதான்."

அவர் போனார். முதல் நாற்காலி, சீட்டு. இரண்டாவது, சீட்டு. மூன்றாவதில் இருந்த இளைஞர் எடை பார்த்தாச்சு என்றார். அவரை எழுப்பி அனுப்பினார். நான்காவதில் இருந்தவர் மூன்றாவதுக்கு நகர்ந்தார். பின்னால் இருந்தவர்களும் வரிசையாக ஒவ்வொரு இடம் நகர்ந்தார்கள். ஏசுவடியான் நான்காவது நாற்காலிக்குப் போனார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வரிசை முடிந்தது.

திரும்பி வந்தார். ஹாஜிரா மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள்.

அங்கே வீங்கிய காலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லோர் கையிலும் சீட்டு இருந்தது. அவள் கை மடியில் வெறுமனே கிடந்தது.

ஏசுவடியான் கையில் மீதியிருந்த சீட்டுகளைப் பார்த்தார்.

"அந்தம்மா ஏன் கேக்கல?" என்றாள் ஹாஜிரா, தணிந்த குரலில்.

"நமக்கு இல்லபோலன்னு நினைச்சிருப்பாங்க."

அவரே போய்ச் சீட்டைக் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளில் வேறு ஆட்கள் வந்தார்கள். இப்போது ஸ்டெல்லா வந்தாள். அவள் எதையும் எண்ணவில்லை. ஒருவரைக் கேட்டாள், எழுப்பினாள், கதவு வரை கண்ணால் அனுப்பிவைத்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள். அடுத்தவர் நகர்ந்து வந்து உட்கார்ந்த பிறகு அவரைக் கேட்டாள். ஒருவரும் விடுபடவில்லை.

"அவங்க ஆளைப் பாக்கிறாங்க. நான் நாற்காலியை எண்ணினேன்" என்றார் ஏசுவடியான்.

"அதைத்தான் இட்டரேட்டர்னு சொல்லிக் கொடுத்தேன். பட்டியல்ல ஒவ்வொரு பேராத் தாண்டி நடக்கிறது எதுவோ, அதுவேதான் எடுக்கவும் செய்யணும். எடுத்த பிறகு எங்கே நிக்கிறோம்னு அதுக்குத்தான் தெரியும்."

"முதல்ல இட்டரேட்டர் வச்சுத்தான் மேடம் நடந்தேன்."

ஹாஜிரா அவரைப் பார்த்தாள்.

"அதுபாட்டுக்கு அது நடந்துச்சு. இறந்தவங்க பேரை மட்டும் நான் தனியாப் பட்டியல்லேருந்து எடுத்தேன். சோதிச்சுப் பாத்தப்ப பாதியில நின்னுடுச்சு. நடக்கும்போதே பட்டியல் மாறுதுன்னு பிழை காட்டுச்சு. ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். அப்புறம் அதைத் தூக்கிட்டு வரிசை எண்ணை வச்சு எழுதினேன். பிழை போயிடுச்சு. அன்னைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம்."

"பிழை எங்கயும் போகல சார். சொல்றதை நிறுத்திடுச்சு."

அலுவலகத்துக்குத் திரும்பி ஏசுவடியான் இருக்கையில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"கடைசிப் பேர்லேருந்து மேல வந்தா? எடுத்தாலும் இன்னும் பாக்காதவங்க யாரும் நகர மாட்டாங்களே."

"யாரும் விடுபட மாட்டாங்க. ஆனா நல்ல நேரமெல்லாம் கடைசியா வந்தவங்களுக்குப் போயிடும். முதல்ல வந்து நிக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

அவர் யோசித்தார். பிறகு எட்டு வரியையும் அழித்துவிட்டு எழுதினார். இந்த முறை, நடந்த இட்டரேட்டரே எடுத்தது. பத்து நிமிட வேலை. சோதித்தார். ஒருவரும் விடுபடவில்லை. பத்து நிமிடம்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"இதை அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க மேடம்."

"போன தடவையும் பாத்தேன்" என்றாள் ஹாஜிரா. "நல்லா ஓடுதுன்னு சொல்லி நான்தான் அனுப்பினேன். ஓடுதான்னு பாத்தேன். யாரைத் தாண்டி ஓடுதுன்னு பாக்கல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புது எட்டு வரியைப் படித்தாள். நடந்ததை மறைக்காமல் மருத்துவமனைக்கு எழுதி, தன் பெயரை முதலில் போட்டு, நிரலை அனுப்பினாள்.

சாயங்காலம் ஏசுவடியான் பழைய வாரங்களின் பதிவுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தார். எந்த ஞாயிறு யார் பெயர் எடுக்கப்பட்டது, அதற்கு அடுத்த பெயர் எது. ஒவ்வொன்றாகத் தேடி ஒரு தாளில் எழுதினார். பதினோரு பெயர் வந்தது. குருவம்மாள் பத்தாவது.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டுக் கேட்டார். அவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். சிலர் செய்தி வராமலே நேரில் வந்து, கெஞ்சிக் கேட்டு, எப்படியோ ஒரு படுக்கை வாங்கியிருக்கிறார்கள். போன் சரியில்லை என்று அவளே அவர்களைக் கடிந்திருக்கிறாள். நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை. எதனால் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நோய்க்காரர்கள் எதனாலும் போவார்கள் என்றாள்.

தாளை எடுத்துக்கொண்டு ஹாஜிராவிடம் போனார்.

"நேர்ல போய்ச் சொல்லப் போறேன் மேடம். தப்பு அவங்க போன்ல இல்ல, என் கையிலன்னு சொல்லணும்."

"நானும் வர்றேன்."

பேனாவைத் திறந்தபடி நின்றார். கை தாளுக்கு மேல் இருந்தது.

"இருக்கிறது ஏழு பேர். அவங்களுக்குச் சொன்னாப் பிரயோஜனம் உண்டு. மத்த நாலு பேரை எடுத்துடலாமா?"

ஹாஜிரா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள்.

"யாரையும் எடுக்காதீங்க சார். முதல்ல கடைசிப் பேர் வரைக்கும் போயிட்டு வரலாம்."