தீவைத் தாண்டிப் போன தாய்மாமன்

நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா அத்தை நான் காலையில பஸ் ஏறாம இருந்துருவேனா? பையெல்லாம் கட்டியாச்சு. இப்படித் திரும்பிப் படு கயலு, கதை சொல்றேன். ஆனா "ம்" கொட்டணும். கொட்டலேன்னா கதை அங்கேயே நின்னுரும், அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு தாய்மாமன். பேரு நம்புக்காளை. கடலோரத்து ஆளு. ஒரே தங்கச்சி ராக்காயிய, கடலுக்கு நடுவுல ஒரு தீவுல கட்டிக் கொடுத்துருந்தான். தீவுன்னா பெருசா நினைச்சுக்காதே. ஒரு கிணறு, பன்னெண்டு வீடு, நாலு தென்னமரம், அம்புட்டுதான். "அடுத்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன்"னு சொல்லியே அங்க போகாம பதிமூணு வருஷத்த ஓட்டிட்டான். ரொம்பப் பாசக்காரன்.

ம்.

அப்போ ராக்காயி மக பெரிய மனுஷி ஆயிட்டா. சடங்கு வச்சாங்க. தாய்மாமன் சீர் கொண்டாந்து மாலை போட்டாத்தானே சடங்கு? ராக்காயியோட மாமியா சொன்னா, "உங்கண்ணன் வந்து கிழிச்சான். பொழுது சாயறவரைக்கும் பாப்போம். வரலேன்னா எங்க பக்கத்து ஆள வச்சு மாலையப் போட்டுருவோம். உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லேன்னு நினைச்சுக்க." ராக்காயி கரையில போய் நின்னுக்கிட்டா.

இங்க நம்புக்காளை விடியக்காலையிலயே சீரெல்லாம் தோணியில ஏத்திட்டான். பட்டுச் சேலை, மாலை, மூணு தட்டு லட்டு, கொக்கரக்கோன்னு கத்துற சேவல் ஒண்ணு. பாய விரிச்சான், படபடபடன்னு அடிச்சுது. வழி தெரியுமான்னா, தெரியாது. ராக்காயி புருஷன் என்னைக்கோ சொன்னது மட்டும் ஞாபகம் இருந்துச்சு: "காலை வெயில் இடது கன்னத்துல படுற மாதிரி நேரா வாங்க மச்சான், மத்தியானத்துக்குள்ள தென்னமரம் தெரியும்." யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம். கேப்பானா? தங்கச்சி வீட்டுக்கு வழி கேட்டா ஊரு சிரிக்காது? உங்கப்பன் போன மாசம் கூட்டாளி கல்யாணத்துக்குன்னு போய், வேற யாரு கல்யாணத்துலயோ உக்காந்து மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்தானே, அந்த ரகம். என் அண்ணன்தான், இருந்தாலும் சொல்றேன்.

சரி, ஊர்க்காரங்களாவது கேட்டிருக்கலாம். ஆனா கிளம்புறவங்கள "எங்க போற"ன்னு கேக்கலாமா? கூடாது. கேட்டா போற காரியம் கெட்டுரும். அப்புறம் திரும்பி வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் மறுபடி கிளம்பணும். அதனால மரியாதை தெரிஞ்ச ஊரு வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. அதுல பாதிப் பேருக்குத் தீவுக்கு வழி தெரியும்.

ம்.

சலக் சலக்குன்னு தோணி போச்சு. வெயிலு இடது கன்னத்துல சுள்ளுன்னு அடிச்சுது. ஆகா, சரியாத்தான் போறோம்னு அவனுக்கு ஒரே பெருமை. பாய் காத்துல வலது பக்கமாப் புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. பாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அவன் எட்டிப் பாக்கல. அங்கதான் தீவு இருந்துச்சு.

தென்னமரம், வீடு, கரையில ராக்காயி, எல்லாம் பாய்க்கு அந்தப் பக்கம். அந்தப் பாயில போட்டிருந்த ஒட்டு அவளோட பழைய தாவணி. பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டா. "அண்ணே! அண்ணே!"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. எதிர்க்காத்து அந்தச் சத்தத்த அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. வர்ற அண்ணன் போற அண்ணனாயிட்டான். பாவம், அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போ எதிர்க்க ஒரு சங்கு குளிக்கிற தோணி வந்துச்சு. "அண்ணே, சேவல் நல்லா இருக்கே!" "ஆமா!" தீவத் தாண்டி எங்க போறாருன்னு அவங்களுக்கும் யோசனதான். ஆனா கேக்கலாமா? போயிட்டாங்க.

அப்புறம் ஒரு கருவாட்டுத் தோணி. "மாலையெல்லாம் ஜோரா இருக்கே, நல்ல காரியமா?" "நல்ல காரியம்தான்!" "நல்லபடியா நடக்கட்டும்!" அவங்களும் போயிட்டாங்க. வெயிலு உச்சிக்கு ஏறி ரெண்டு கன்னத்துலயும் அடிச்சுது. தென்னமரத்தக் காணோம்.

அப்புறம் ஒரு மணல் திட்டு. அதோட ஓரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு ஒரு பொம்பள கடல்பாசி எடுத்துக்கிட்டிருந்தா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணே! சீரெல்லாம் ஏத்திக்கிட்டு எங்க போறீங்க?"

சேவல் கூட கத்துறத நிறுத்திருச்சு.

"அடிப்பாவி! காரியத்தையே கெடுத்துட்டியே!"ன்னான் நம்புக்காளை. இனி வீட்டுக்குத் திரும்பணும், உக்காரணும், தண்ணி குடிக்கணும். அதுக்குள்ள பொழுது சாஞ்சுரும், தங்கச்சி தலை குனிஞ்சு நிப்பா. ஆனாலும் முறைன்னா முறையாச்சே! சுக்கானத் திருப்பினான். வலது பக்கம் இருந்த பாய் படார்னு இடது பக்கம் புரண்டுச்சு. மூக்குக்கு நேரா நாலு தென்னமரம்.

ம் கொட்டு. தூங்கிட்டியா? சரி.

பொழுது சாயறதுக்குள்ள கரையேறிட்டான். மாலையப் போட்டான், சடங்கு நடந்துச்சு. லட்டுல இனிப்பு கம்மின்னு மாமியா சொன்னா. சொல்றதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கல. சாப்பிடறப்போ நம்புக்காளை சொல்றான், "கடல்ல எவளோ ஒருத்தி 'எங்க போற'ன்னு கேட்டுத் திருப்பி விட்டுட்டா ராக்காயி. இல்லேன்னா நான் எப்பவோ வந்திருப்பேன்." ராக்காயி கேட்டுக்கிட்டே சோறு போட்டா.

மறுநாள் காலையில தோணியத் தள்ளினான். ராக்காயி பின்னாலேயே வந்தா. "அண்ணே, எங்க போறீங்க?"

"ஏய்! உனக்குமா புத்தி கெட்டுப் போச்சு?" திரும்பி வந்து உக்காந்தான். தண்ணி குடிச்சான். தண்ணியோட இட்லி வந்துச்சு, இட்லியோட பேச்சு வந்துச்சு, பதிமூணு வருஷப் பேச்சு. அதுக்குள்ள காத்து அடங்கிருச்சு. அதுக்கு மறுநாளும் கேட்டா. அன்னைக்கும் தண்ணி, அன்னைக்கும் பேச்சு.

மூணாம் நாள் ராக்காயி வாயத் திறக்கல. எத்தன நாள்தான் பிடிச்சு வைக்கிறது, அவருக்கும் வீடு வாசல் இருக்குல்லன்னு சும்மா நின்னா. நம்புக்காளை கயித்த அவுத்தான். மறுபடி கட்டினான். மறுபடி அவுத்தான். ஒரு கால் தண்ணியில, ஒரு கால் தோணியில.

"என்ன ராக்காயி, இன்னைக்கு நீ ஒண்ணும் கேக்கலையா?"

அப்புறம் எப்ப ஊருக்குப் போனானா? எனக்கென்ன தெரியும். அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன். கதை கரை சேந்தாச்சு, பாயச் சுருட்டியாச்சு, கண்ண மூடித் தூங்கு.

என்னடி? தூங்கிட்டேன்னுல்ல நினைச்சேன். என்ன கேட்ட? "அத்தை, காலையில எங்க போற"யா?

அடி கள்ளி! கட்டின பைய இனி யாரு அவுக்கிறது?

சரி, அந்தச் சொம்ப இப்படி நகத்து. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.