எட்டாவது விமானம்

ஒரு வழக்குச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. ஆனால் பாதியிலேயே "இது தெரியாதா?" என்று குதிக்காதீர்கள். அப்படிக் குதித்தவர்கள் எல்லாரும் கடைசியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

கடலோரப் பெருநகரம் ஒன்றின் விமான நிலையத்தில், வந்து இறங்கும் விமானங்களை ரேடாரில் பார்த்து வரிசைப்படுத்துகிறவள் திலகவதி. எது முன்னே, எது பின்னே, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று விமானிகளுக்குச் சொல்வது அவள் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. மாற்று ஆள் சரியான நேரத்துக்குத்தான் வருவார். முன்கூட்டி வரும் வழக்கமே இல்லை. வந்தவர் பக்கத்தில் அமர்ந்து, இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டி, வானம் முழுவதும் மனதில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகுதான் "நான் எடுத்துக்கிட்டேன்" என்பார். புதுக் கை அல்லவா, முதல் விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுவார். இன்னொரு விதி: மனம் சரியில்லை என்று பட்டால் வெட்கப்படாமல் எழுந்துவிட வேண்டும். கைப்பேசிக்கு உள்ளே இடமில்லை, வாசலிலேயே பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

திலகவதிக்கு ஒரே மகள், மதிவதனி. அம்மாவின் வேலைக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அன்று திலகவதி பணியில் இருந்தாள். அந்தக் குற்றவுணர்வு அவளை விட்டபாடில்லை. இப்போது மகளுக்கு மறுபடி நிறைமாதம். மருமகன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில்.

"இந்தத் தடவை நீ இல்லேன்னா என்னால முடியாதும்மா."

"வலி கண்ட நிமிஷமே ஓடி வந்துருவேன்டி, பயப்படாதே."

குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மறுநாளிலிருந்து விடுப்பு. இருந்தாலும் தாய் மனசு கேட்குமா? அன்று மதியம் பணியில் உட்காரும் முன், அறை மேற்பார்வையாளர் தேவசகாயத்திடம் போனாள்.

"சார், வீட்லேருந்து போன் வந்தா உடனே என்கிட்ட சொல்லிடணும்."

"சொல்லிடறேம்மா. வாக்கு."

இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். இரண்டரைக்குக் கொட்டியது பாருங்கள் ஒரு மழை, ஓடுதளமே தெரியவில்லை. ஏழு விமானங்கள் ஆயிரம் அடிக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று கடலுக்கு மேலே வட்டமடித்துக் காத்திருந்தன. மூன்று பத்துக்கு மழை விட்டது. அடியில் இருந்ததை முதலில் இறங்கச் சொன்னாள். மற்ற ஆறும் ஒவ்வொரு படியாகக் கீழே வர வேண்டும்.

அதே நேரம் தேவசகாயத்தின் மேசையில் தொலைபேசி அடித்தது. பேசியவர் திலகவதியின் கணவர் கோதண்டம்.

"சார், மதிக்கு வலி கண்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அம்மா எங்கே, அம்மா எங்கேன்னு கேக்குறா."

அந்த ஆஸ்பத்திரி விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருந்தது. ஒன்று தாழப் பறந்தால் சன்னல் கண்ணாடி அதிரும்.

தேவசகாயம் திலகவதியின் முதுகைப் பார்த்தார். மேலே ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். அவர் சொல்லவில்லை. ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஜுலைகாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "போய்ப் பக்கத்துல உட்காரு. வாயைத் திறக்காதே. அவ குரலை மட்டும் கவனி. நடுங்கினா அந்த நொடியே நீ எடுத்துக்கோ."

ஜுலைகா வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். திலகவதி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால். நான்கு மணிக்கு வர வேண்டியவள். ஜுலைகாவின் கண் கலங்கியிருந்தது. திலகவதி திரும்பித் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் ஒழுங்காக இருந்த காகிதங்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

திலகவதி ஒன்றும் கேட்கவில்லை. மைக்கை அழுத்தி அடுத்த விமானத்தை அழைத்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக ஒவ்வொன்றும் இறங்கியது. ஏழாவது ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பியது. அதற்குப் பின்னால் புதிதாக வரும் விமானம் இன்னும் தொலைவில் இருந்தது. ஜுலைகா சொன்னாள்: "நான் எடுத்துக்கிட்டேன், அக்கா. நீங்க ஓடுங்க."

"எப்ப சார் வந்துச்சு?" என்றாள் திலகவதி.

"மூணு பத்துக்கும்மா."

செருப்பு நழுவியதையும் பார்க்காமல் ஓடினாள். பிரசவ அறைக்கு வெளியே கோதண்டம் துணியில் சுற்றிய பேத்தியை ஏந்தி நின்றார். பிள்ளை பிறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். உடனே சொல்வதாக வாக்குக் கொடுத்த தேவசகாயம் இருபது நிமிடம் வாய் திறக்கவில்லை. ஜுலைகா எல்லாம் தெரிந்தும் பக்கத்திலேயே ஊமையாக இருந்தாள். பெற்றவளோ ஊகித்த பிறகும் எழவில்லை. மாற்று ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். இதில் யார் செய்தது சரி? மதிவதனிக்குக் கொடுத்த வாக்கைக் கைவிட்டது யார்?

விடை: யாரும் கைவிடவில்லை. நேரத்துக்கு முன் மாற்று ஆளை அனுப்பியதே தேவசகாயம் சொன்ன சேதி. அந்த அறையில் இருப்பவர்களுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஏழும் படி இறங்கிக்கொண்டிருக்கும்போது கைமாற்றக் கூடாது என்று திலகவதிக்குத் தெரியும். கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும், இவள் குரல் உடைந்திருக்கும். அது உடைந்தால் தாங்கிப் பிடிக்கத்தான் ஜுலைகா இருந்தாள். இதெல்லாம் என் வாதம். என் வாதம் யாருக்கு வேண்டும்? தீர்ப்புச் சொல்ல உரிமையுள்ளவள் ஒருத்திதான். "என்னை மன்னிச்சுக்கடி" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாவிடம் மதிவதனி சொன்னாள்: "எதுக்கும்மா அழறே? மழை விட்டதும் தலைக்கு மேல ஒண்ணு போச்சு. மூணு நிமிஷத்துல இன்னொண்ணு. கொஞ்சம்கூட முன்னே பின்னே இல்லை. அம்மாதான் உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வலியைத் தாங்கினேன். எட்டாவது மட்டும் தாமதமா வந்துச்சு. அம்மா எழுந்துட்டா, கிளம்பிட்டான்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். அப்பதான் இவ பிறந்தா."