பசியைத் திருடிய கள்வன்

முன்னொரு காலத்தில், அரசன் கை நனைத்த பிறகுதான் அரண்மனையில் மற்றவர்கள் சாப்பிடலாம் என்ற வழக்கம் இருந்த ஒரு நாட்டில், மணிவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று சொக்கட்டான் பித்துப் பிடித்தது.

அந்தி சாய்ந்ததும் மந்திரியான பிரதானி உலகளந்தாரோடு பகடை உருட்ட உட்கார்ந்தால், எழுந்திருக்க நடுச்சாமம் ஆகிவிடும். உலகளந்தார் தோற்பதில் மகா கெட்டிக்காரர். ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது எந்த ராஜாவுக்கு எழுந்திருக்க மனம் வரும்? ஆட்டம் முடிந்த பிறகுதான் இலை போடுவார்கள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, அதற்குமேல் நாலு அதிரசம் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ராஜா படுப்பார். நெஞ்சு எரியும். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டுவிட்டு, கோழி கூவுகிற நேரத்தில் கண் அயர்வார். காலையில் ஆப்பமும் பாலும் கொண்டுபோய் வைத்தால் ஒரு விள்ளல் பிட்டுப் போட்டுக்கொண்டு, "பசியில்லை, எடுத்துப் போ" என்பார். அப்புறம் பகல் முழுக்கக் கொட்டாவி. வழக்குச் சொல்ல வந்த குடியானவர்களும் அவரைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி விட்டபடியே வழக்கைச் சொன்னார்கள்.

ராஜா ஒருவருக்கு மட்டும் வந்த கஷ்டமா அது? அவர் நடுச்சாமத்தில் கை நனைக்கும்வரை இருநூறு பேர் கொலைப் பட்டினியாகக் காத்துக் கிடந்தார்கள். விகடகவி சேந்தனும் அந்த இருநூறில் ஒருவன்.

ஆறு மாதம் இப்படியே ஓடிற்று. ஒருநாள் காலை ராஜா ஆப்பத் தட்டைத் தள்ளிவிட்டுச் சபைக்கு வந்து கர்ஜித்தார்.

"என் பசியையும் உறக்கத்தையும் எவனோ திருடிவிட்டான்! அவன் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்!"

உலகளந்தார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "பிரபு, திருடன் வெளியில் இல்லை. மடைப்பள்ளியில் இருக்கிறான். சமையற்காரன் தாண்டவனின் கைப்பக்குவம் கெட்டுப்போய்விட்டது. அவன் சமையலே தங்கள் பசியைக் கொன்றது. திருட்டுக்கு வலக்கையை வெட்டுவது நம் நாட்டுச் சட்டம்."

தாண்டவரின் கரண்டியைப் பிடிக்க உலகளந்தாரின் மைத்துனன் ஒருவன் வெகுநாளாகக் காத்திருந்தான். அது ஊருக்கே தெரியும், ராஜாவுக்குத் தெரியாது.

தாண்டவரைக் கூட்டிவந்தார்கள். முப்பது வருடமாக அரண்மனைக்குச் சமைத்தவர். கையில் மாவு காயவில்லை. அந்த வலக்கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். சேந்தன் அதைப் பார்த்தான்.

"மகாராஜா, தாண்டவர் திருடவில்லை" என்று எழுந்து நின்றான்.

உலகளந்தார் சிரித்தார். "அப்படியானால் உண்மைத் திருடனைச் சேந்தன் பிடித்துத் தரட்டும். எட்டு நாளில் பிரபுவின் பசியும் உறக்கமும் திரும்பி வராவிட்டால், தாண்டவன் கையோடு சேந்தன் கையும் போகட்டும்."

"அவ்வாறே ஆகுக" என்றார் ராஜா. அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொன்னார்.

சபை கலைந்ததும் தாண்டவர் சேந்தனை மடைப்பள்ளி மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏந் தம்பி, ஒங் கையையும் எதுக்குப்பா பணயம் வச்சே?"

"ஒங்க கை போயிட்டா இந்த மாதிரி கொழம்பு எனக்கு எங்கண்ணே கெடைக்கும்?" சேந்தன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு சரியாக வரவில்லை. "அது கெடக்கட்டும். திருடன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? பாதி ராத்திரியில அவ்வளவு சோத்தத் தின்னா எவனுக்குத் தூக்கம் வரும், காலையில எப்பிடிப் பசிக்கும்? அந்தி விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டா எல்லாஞ் சரியாப் போகும். அத ஒரு சமையக்காரன் ராஜாகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?"

"நான் சொல்ல மாட்டேண்ணே. திருடனைப் பிடிச்சுக் குடுத்துடறேன்."

மறுநாள் சபையில் விசாரணை தொடங்கிற்று. சேந்தன் ராஜாவையே முதல் சாட்சியாக வைத்துக்கொண்டான்.

"மகாராஜா, தங்கள் பசி ஒரு நாளில் கடைசியாக எப்போது தங்களிடம் இருக்கிறது?"

"பொழுது சாயும்போது நன்றாக இருக்கிறது. காலையில் பார்த்தால் இல்லை."

"உறக்கம்?"

"இரவில் காணவில்லை. பகலில் சபையில் மட்டும் வருகிறது."

சபையோர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சேந்தன் ராஜாவின் மாளிகை வாயிற்காவலனை அழைத்தான். "திருட்டு ராத்திரியில்தான் நடந்திருக்கிறது. இருட்டிய பிறகு ராஜாவிடம் யார் யார் போனார்கள்?"

"பிரதானி ஐயா மட்டுந்தானுங்க. அவரும் ஆட்டம் முடிஞ்சதும் கெளம்பிருவாரு. அப்புறம் ஒரு ஈ காக்கா போகலீங்க. சாப்பாடு மட்டும் போச்சு."

"திரும்பி வந்ததா?"

"பாத்திரந்தானுங்க வந்துச்சு. சோறுங் கறியும் வரலீங்க."

"கேட்டீர்களா மகாராஜா? பிரதானி வந்த வழியே போய்விட்டார். நடுச்சாமத்தில் உள்ளே நுழைந்த நெய்ச்சோறும் கறியும் அதிரசமும் விடியும்வரை வெளியே வரவேயில்லை. தங்களுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, முதலில் உறக்கத்தைத் திருடியிருக்கின்றன, பிறகு பசியையும் திருடியிருக்கின்றன. இவர்களைக் கைது செய்ய உத்தரவு தர வேண்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "யாராக இருந்தாலும் பிடித்துச் சிறையில் போடு!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று அந்திக்குமுன் சேந்தன் நாலு சேவகர்களோடு மடைப்பள்ளிக்குப் போனான். சோற்றுப் பானையையும் கறிச்சட்டியையும் கயிற்றால் கட்டி, அதிரசக் கூடைக்குச் சங்கிலி போட்டு, மடைப்பள்ளியைப் பூட்டி அதன் சாவியையும் அவற்றோடு சேர்த்து, ராஜவீதி வழியாகச் சிறைக்கு நடத்திக்கொண்டு போனான். ஊரே வேடிக்கை பார்த்தது.

அந்த நாட்டுச் சிறைக்கு ஒரு சட்டம் உண்டு. எப்போதோ ஒரு ராத்திரி ராஜா ஆட்டத்தில் ஜெயித்த குஷியில் ஒரு கொள்ளைக்காரனை விடுதலை செய்துவிட, அவன் நேரே போய்க் கஜானாவை உடைத்தான். வெட்கப்பட்டுப்போன ராஜா, 'அந்தி மணி அடித்தபின் சிறைக்கதவு திறக்கக்கூடாது, நானே வந்து கேட்டாலும் திறக்கக்கூடாது' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்று ஆட்டம் முடிந்து ராஜா இலை போடச் சொன்னார். சாப்பாடும் மடைப்பள்ளிச் சாவியும் சிறையில் இருக்கின்றன என்றார்கள். ராஜா கொதித்துப்போய்ச் சிறைக்கே வந்துவிட்டார். சிறையதிகாரி காளத்தி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டான்.

"பிரபு, என் தலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் தங்கள் ஆணையை மீறியவன் ஆவேன்."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் கை நனைக்காததால் அன்று அரண்மனையில் இருநூறு பேரும் பட்டினி. அத்தனை பேரும் சேந்தனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவனும் காலி வயிற்றோடு படுத்து, தன் வலக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விடிந்ததும் விடியாததுமாக ராஜாவின் பள்ளியறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "பசிக்கிறது!"

அரண்மனையே விழித்துக்கொண்டது. தாண்டவர் ஆப்பம் சுடச் சுட, ராஜா பதினொன்று சாப்பிட்டார். அன்றும் அதன்பிறகு தினமும் சேந்தன் அந்தந்த நாள் சமையலைச் சிறைக்கு அனுப்பினான். அன்று மாலை, மணி அடிக்க இரண்டு நாழிகைக்கு முன்பே, "கைதிகளை நானே விசாரிக்கிறேன்" என்று சிறைக்கு வந்து, முற்றத்திலேயே இலை போடச் சொல்லிச் சாப்பிட்டார். இருநூறு பேரும் பொழுதோடு சாப்பிட்டார்கள். தூக்கம் மட்டும் உடனே வரவில்லை. நாலாம் நாள் சொக்கட்டான் நடுவிலேயே ராஜாவுக்குக் கண் சொக்கிற்று. பழகிய ரோகம் பையப் பைய விலக, ஏழாம் நாள் முதல் சாமத்திலேயே குறட்டை விட ஆரம்பித்தார்.

எட்டாம் நாள் சபையில் ராஜாவின் முகம் தெளிந்திருந்தது. உலகளந்தார் முகம்தான் சுருங்கியிருந்தது.

"பிரபு, பொருள் திரும்ப வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் திருட்டு நடந்ததைத் தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். சட்டப்படி ஒரு வலக்கை வெட்டப்பட வேண்டும். சோற்றுக்கு ஏது கை? அந்தத் திருடனுக்கு உடந்தையாக இருந்த கையைத்தான் வெட்ட வேண்டும்." சொல்லிவிட்டுத் தாண்டவரைப் பார்த்தார்.

தாண்டவரின் கை மறுபடியும் துண்டுக்குள் போயிற்று.

"பிரதானி சொல்வது நியாயம்" என்றான் சேந்தன். சபை திடுக்கிட்டது. "உடந்தையான கை எது என்று பார்ப்போம். தாண்டவர் சமைத்தார், வாசல்வரை அனுப்பினார். அதுவரை திருடன் வெளியேதான் நின்றான். அவனைப் பிசைந்து, உருட்டி, கவளம் கவளமாக உள்ளே ஏற்றிவிட்ட கை ஒன்று இருக்கிறது. அந்தக் கையைத்தான் வெட்ட வேண்டும் என்று பிரதானி இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறார்."

எல்லாக் கண்களும் ராஜாவின் வலக்கைக்குப் போயின. உலகளந்தார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ராஜா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அகப்பட்டுக்கொண்டேன்! எழுந்திரும் பிரதானி, இந்தக் கை எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. அந்தி மணிக்குப் பிறகு இது சோற்றைத் தொடாது. அதுவே இதற்குத் தண்டனை. சேந்தா, ஆயிரம் பொன் தருகிறேன். வேறு என்ன வேண்டும், கேள்."

"மகாராஜா, ஆறு மாதமாக இருநூறு பேர் தங்களோடு பட்டினி கிடந்தார்கள். இனிமேல் அவரவர் பசித்தபோது சாப்பிடட்டும்."

ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இருநூறு பேர் என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. "வழக்கம் இன்றோடு ஒழிந்தது" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பெரிய கூடத்தில் இலை போட்டார்கள். ராஜா தாண்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் இலையில் உட்கார வைத்து, தாமே சோறு பரிமாறினார்.

"வேண்டாம் மகாராசா... நீங்க கை நனைக்காம நான் எப்பிடி..."

"நீ சாப்பிடு, தாண்டவா. நான் காத்திருக்கிறேன்."

துண்டுக்குள்ளிருந்து அந்த வலக்கை மெல்ல வெளியே வந்தது. சோற்றைப் பிசைந்தது. தாண்டவர் ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். பிறகு நிமிர்ந்து, சங்கடத்தோடு ராஜாவைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் மகாராசா. இன்னிக்கு உப்புப் போட மறந்துட்டேன்."

ராஜா மறுபடியும் சிரித்த சிரிப்பு மதில் தாண்டிக் கேட்டதாம். அவரே எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தார்.