மேசைமேல் முதல் வெட்டு

“வாங்குனா ஏமாந்துருவேன். நானே கட்டுனா கோணிப்போயிரும். என்னதான் பண்றதுங்க, டீச்சர்?”

கேட்டவர் மாசிலாமணி, பார்வையற்ற பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியர். கேட்கப்பட்டவர் எஸ்தர், பாலிடெக்னிக்கில் பட்டறைப் பாடம் எடுப்பவர், மாசிலாமணியைவிட வயதில் இளையவர்.

மலையையும் ஆற்றையும் விரலால் தடவிப் படிக்க ஒரு மரப்படம் செய்து தருவதாக மாசிலாமணி மாணவிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குக் கணினி காட்டும் கோட்டில் மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் வேண்டும். வாங்குவதா, கட்டுவதா என்று அவர் தவித்துக்கொண்டிருக்கையிலேயே, அந்த வாக்கைக் கேட்ட வகுப்பு படத்தைத் தொடாமல் பள்ளியை விட்டுப் போயிற்று. அடுத்த வகுப்புக்கும் தேர்வு நெருங்கிவிட்டது.

அவர் தம் அச்சங்களை விரித்தார். வாங்கியது வண்டியில் வரும்போதே ஆட்டம் கண்டுவிடலாம். கட்டினால் சட்டம் சாய்ந்துவிடலாம். மயிரிழை சாய்ந்தாலும் மலை ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் கரைந்துவிடும்.

“தொட்டுத்தான் நம்புதுங்க அதுங்க. என் மலை பொய் சொல்லக்கூடாது.”

எஸ்தர் பட்டறையில் நின்ற இரண்டு இயந்திரங்களைக் காட்டினார்.

“ஒண்ணு வாங்குனது. ஒண்ணு நான் கட்டுனது. எது கோணல்?”

மாசிலாமணி குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

“உங்க பிள்ளைங்க இப்படியா பாப்பாங்க, வாத்தியாரே?”

மாசிலாமணி கண்ணை மூடி, இரண்டு இயந்திரங்களிலும் மரம் வைக்கும் மேசைகளை உள்ளங்கையால் தடவினார். எங்கும் மேடில்லை, பள்ளமில்லை.

“ரெண்டும் நேருங்க. உங்க கை அப்படி. எனக்கு வராதுங்களே.”

எஸ்தர் ஒரு மேசையின் மேல்பலகையைக் கழற்றினார். புதிய பலகையைத் தந்து, அவரையே திருகச் சொன்னார். அகலமான வெட்டுமுனையை மாட்டினார்.

“ஓட்டுங்க.”

“மேல மரமே வெக்கலியே. எதை வெட்ட?”

“மேசைய.”

மாசிலாமணியின் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது. புத்தம் புதுப் பலகை.

அழுத்தினார். முனை ஒருபுறம் தூளை வாரி இறைத்தது. மறுபுறம் பலகையைத் தொடாமலே காற்றில் சுழன்றது.

“கோணல் டீச்சர். கோணல். நிறுத்திடறேன்.”

“முதல்ல கோணலாத்தான் இருக்கும், மெஷினே தன் மேசையச் சீவி நேராக்கிக்கும்,” என்ற எஸ்தர் முனையை இன்னும் சற்று இறக்கினார்.

“ஓட்டுங்க.”

இம்முறை பலகை முழுவதும் தூள் பறந்தது. சத்தம் அடங்கியதும் மாசிலாமணி தூளைத் தள்ளிவிட்டு, கண்ணை மூடித் தடவினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். கையை எடுக்க மனம் வரவில்லை.

“இது எதுங்க? வாங்குனதா, கட்டுனதா?”

“மறந்துபோச்சு,” என்றார் எஸ்தர்.

மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை.

“டீச்சர், விரல்ல சிராய் ஏறாத மரம் எதுங்க?”