பதினோரு மூலிகை

தக்கலையில் தில்லைநாயகம் என்று ஒரு சித்த வைத்தியர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குப் பளுதூக்கும் ஆசை வந்தது. ஊர் சிரித்தது. அவர் போய்ச் சேர்ந்த பயிற்சிக் கூடத்தில் கற்றுக்கொடுத்தவள் அல்போன்சா. அவருடைய மகளைவிடச் சின்னவள். ஆனாலும் 'கோச்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடத்தில் ஐம்பத்தைந்து கிலோவைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். மூத்தோர் போட்டிக்கு இன்னும் மூன்று மாதம். அதில் அறுபது தூக்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம்.

அறுபது கிலோக் கம்பி மார்பு வரை வந்தது. அதற்குமேல் ஏறவில்லை. நாள் போகப்போக ஐம்பத்தைந்தும் ஏறாமல் போனது. ஒருநாள் முழங்கால் மடங்கி, கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு ஜாடியோடு வந்தார்.

"என்னது வைத்தியரே?"

"லேகியம். அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில்னு மூணுதான் முதல்ல போட்டேன். பலம் பத்தல. இப்போ பதினோரு மூலிகை. இன்னும் எதைச் சேர்க்கலாம்னுதான் யோசிக்கிறேன்."

"இதை எப்போ செய்றீங்க?"

"ஒரு மாசமா, நோயாளிங்க போனப்புறம்தான். இடிச்சு, சலிச்சு, கிண்டி இறக்க ராத்திரி ஒரு மணி ஆயிடும்."

அல்போன்சா பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "நாடி பாருங்க."

"உங்களுக்கு என்ன?"

"வயசு ஐம்பத்தாறு. ஒரு மாசமா படுக்க ஒரு மணி ஆகுது. காலைல அஞ்சு மணிக்குப் பயிற்சிக்கு வந்துடறேன். கை கால் நடுங்குது. என்ன மருந்து தருவீங்க?"

வைத்தியரின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. பழக்கத்தில் வாய் திறந்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"மருந்து தரமாட்டேன். போய்த் தூங்குன்னு சொல்லுவேன்."

"சொன்னா கேட்பேனா?"

"யாரு கேக்கிறா? லேகியம்தான் கேப்பாங்க."

அன்று ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிட்டார். அதன்பின் தினமும் அப்படித்தான். மூன்றாம் வாரம் ஐம்பத்தைந்து திரும்பி வந்தது. போட்டியன்று அறுபது கிலோ அவர் தலைக்குமேல் ஆடாமல் நின்றது. இறக்கலாம் என்று நடுவர் கையால் சைகை காட்டும்வரை பிடித்திருந்தார்.

நான்காம் இடம்தான். ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது முகம் மலர்ந்தே இருந்தது. தக்கலை நெருங்கியபோது மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ லேகியமே வேண்டாமா, கோச்சம்மா?"

"தாராளமாச் செய்யுங்க," என்றாள் அல்போன்சா. "பகல்ல செய்யுங்க."