ஓணான் ஆட்டிய தலை

கல்லும் மிருகமும் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரைமார் வண்டி கட்டிக்கொண்டு நம் பக்கம் வர ஆரம்பித்த காலமும் அதுதான். இரண்டும் சேர்ந்து இருந்தது கொஞ்ச நாள்தான். ஏன் என்று சொல்லத்தான் போகிறேன், கேளுங்கள்.

அரியலூர்ப் பக்கத்து ஓடைக்கரையில் ஓர் ஓணான் இருந்தது. அதன் தலை அப்போதெல்லாம் மற்றப் பிராணிகளின் தலைபோல நிலையாகத்தான் இருக்கும். வெயில் ஏறியதும் கரையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய கல்லின்மேல் வந்து படுத்துக்கொள்ளும். உண்மையில் அது கல்லாகிப்போன எலும்பு. அந்த ஊர்வரைக்கும் கடல் இருந்த நாளில் வாழ்ந்த ஒரு பெரிய பிராணியின் முதுகெலும்பு. ஓணான் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடும். வம்சத்தில் மூத்தவள் அல்லவா?

ஆத்தா தன் கதையை அதனிடம் சொல்லியிருந்தாள். கடல் ஏறி வந்த அன்று மற்றவையெல்லாம் மேட்டுக்கு ஓடிவிட்டன. அவள் ஓடவில்லை. அவளுக்கு அடியில் தேங்காய்ப் பருமனில் முட்டைகள் இருந்தன. இன்னும் கொஞ்ச நாளில் பொரிந்திருக்கும். அவற்றைச் சுற்றிக் கைகால்களை வளைத்துப் படுத்துக்கொண்டாள். சேறு வந்து மூடிவிட்டது. அவளும் கல்லானாள், முட்டைகளும் கல்லாயின. படுத்த படுக்கை மட்டும் மாறவில்லை.

"யாராவது வந்து தோண்டுவார்கள், கண்ணு," என்பாள். "எனக்கு என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கட்டும். நான் இதுகளை விட்டுவிட்டு ஓடவில்லை என்று மட்டும் நீ சொல்லிவிடு. அது போதும்."

சொல்கிறேன் ஆத்தா, சத்தியமாகச் சொல்கிறேன் என்றது ஓணான்.

துரை வந்தார். பூமிக்குள் கிடக்கிற எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பேர் வைப்பது சீமையில் அப்போது பெரிய கௌரவம். யார் முதலில் பேர் வைக்கிறாரோ அவருடைய பிராணியாம் அது. செத்துக் கிடப்பவள் என்ன நினைப்பாள் என்று எவரும் யோசிக்கவில்லை. துரை ஆட்களை விட்டுத் தோண்டச் சொன்னார். எலும்புகள் வந்தன, அவற்றுக்கு அடியில் முட்டைகளும் வந்தன. துரை பல்லைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். முட்டை திருட வந்த இடத்தில் செத்துப்போன மிருகம் என்று சொல்லிவிட்டார். பெற்றவளைத் திருடி என்கிறார், ஐயா! நாக்கில் நரம்பு வேண்டாமா? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவரோடு வந்த துபாஷி திருவேங்கடம். துரை பேசுவதைத் தமிழிலும் நம்மவர் பேசுவதைத் துரைக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. ஆனால் அவர் பார்த்த வேலையெல்லாம் தலையாட்டுவதுதான். துரை வாய் திறந்தால் திருவேங்கடத்தின் தலை ஆடும். அதைப் பார்த்து மணியக்காரர் தலை ஆடும். மணியக்காரரைப் பார்த்து மண்வெட்டி பிடித்தவர்கள் தலையெல்லாம் ஆடும். துரைக்கு எதிரே 'இல்லை' என்று சொன்னால் மரியாதைக் குறைவாம். இந்த மரியாதையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, இன்றைக்கும் நம்மை விட்டபாடில்லை.

மண் சுமந்துகொண்டிருந்த சடைச்சிதான் தலையாட்டாமல் கூடையை இறக்கி வைத்தாள். "எங்களுக்கு என்னா சாமி தெரியும்? அந்தா கெடக்கே ஓணான், அதக் கேளுங்க. இந்த எலும்பு அதுகிட்டதான் பேசும்," என்றாள்.

துரைக்கு அது வேடிக்கையாகப் பட்டது. ஓணானைத் தூக்கிவரச் செய்து, தம் மேஜைமேல் பட்டுத்துணி விரித்து உட்கார வைத்தார். ஓணானுக்குத் தலைகால் புரியவில்லை. உன் வம்சத்து மிருகமா இது என்று துரை கேட்கிறார் என்றார் துபாஷி. அது உண்மைதானே, ஓணான் தலையாட்டியது. துரை கெட்டிக்காரப் பயல் என்று சொல்லி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஓணானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"இது முட்டை திருடித் தின்கிற மிருகம் என்று துரை சொல்கிறார். சரிதானே?"

குழிக்குள்ளிருந்து ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். ஓணான் துரையைப் பார்த்தது. திருவேங்கடத்தைப் பார்த்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த தலைகளையெல்லாம் ஒருமுறை பார்த்தது. பிறகு தானும் ஆட்டியது.

முட்டைத்திருடி. அதுதான் பேர் என்று ஆகிவிட்டது. எலும்புகளை வைக்கோல் சுற்றி ஒரு பெட்டியில் போட்டார்கள், முட்டைகளை வேறு பெட்டியில் போட்டார்கள். கடலாலும் பிரிக்க முடியாததை ஒரு மத்தியானத்தில் பிரித்துவிட்டார்கள், பாவிகள்.

மூடியில் ஆணி அடிக்கும்போது ஓணான் ஓடி வந்தது. பயத்தில் ஆட்டிவிட்டேன் ஆத்தா, இப்போதே போய் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று அழுதது.

"இனி உன்னால் சொல்ல முடியாது," என்றாள் ஆத்தா. "என்னைத் திருடியாக்க ஆட்டின தலை, ஆடிக்கொண்டே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்து மற்றக் கற்களும் மிருகங்களும் மனுஷரோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. நிறுத்தாமல் என்ன செய்யும்?

வண்டி கிளம்பியது. ஓணான் பின்னாலேயே ஓடி, வழியிலிருந்த முள்வேலியில் ஏறிக் கத்தப் பார்த்தது. சொல் தொண்டையில் சிக்கிக் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. சரி, இல்லை என்று தலையையாவது இப்படியும் அப்படியும் அசைக்கலாம் என்று பார்த்தால், தலை மேலும் கீழும்தான் போயிற்று. துரை வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தார். பாருங்கள், இன்னும் ஆமாம் ஆமாம் என்கிறது என்று சிரித்தார்.

அன்றைக்குப் பிடித்ததுதான் ஓணானுக்கு இந்தத் தலையாட்டம். வேலியில் ஏறி, கழுத்துச் சிவக்க, இன்றைக்கும் ஆட்டிக்கொண்டிருக்கிறது. கேலி செய்கிறது என்று நினைத்துப் பையன்கள் கல்லெடுக்கிறார்கள். அவள் திருடியில்லை, தாய் என்று சொல்லத்தான் அது பாடுபடுகிறது.