நம்பிக்கை அளிக்கப்பட்டது

"நானூறு பக்கம் எழுதிட்டேன் மேடம். அதுல ஒருத்தருக்கும் உயிர் வரலை."

சென்னியப்பன் இதைச் சொல்லிவிட்டுக் கையிலிருந்த காகிதக்கட்டை மேசைமேல் வைத்தார்.

நப்பின்னை அவரைவிட இருபத்தாறு வயது இளையவர். கம்பெனிகளைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதியவர். கோத்தகிரியில் தேயிலைச் சரிவுக்கு மேலே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். எழுத முடியாமல் தவிப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். தான் கற்றுக்கொடுப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"எதைப் பத்தி?"

"ஒரு பம்பு செட் கம்பெனி. கோயமுத்தூர்ல முப்பத்தோரு வருஷம் அங்கதான் இருந்தேன். கடைசியில பெர்சனல் மேனேஜர்."

"எதுக்கு எழுதறீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். "ரிட்டயர் ஆன பிறகு தூக்கம் சரியில்லை."

"மூணு நாள் தங்குங்க. படிக்கிறேன்."

சென்னியப்பன் தங்கிய பின்னறை ஜன்னலுக்குக் கதவு சரியாகப் பொருந்தாது. மலை மஞ்சு அதன் வழியாகப் புகைபோல உள்ளே வரும். நாற்காலி மறையும், பிறகு தெரியும். அவர் பகலிலேயே பாதித் தூக்கத்தில் கிடந்தார். மூன்று நாளா முப்பது நாளா என்று அவருக்குப் புரியவில்லை.

நப்பின்னை கட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வரி திருத்தவில்லை. ஓரத்தில் ஒரு சொல் எழுதவில்லை. பென்சிலால் வட்டங்கள் மட்டும் போட்டிருந்தார்.

முடிவு எடுக்கப்பட்டது. கூட்டம் கூட்டப்பட்டது. பட்டியல் தயாரிக்கப்பட்டது. இரண்டாவது யூனிட் மூடப்பட்டது.

வட்டம் எல்லாமே 'பட்டது' மேல்தான்.

"இது தப்புங்களா மேடம்? ஆபீஸ்ல இப்படித்தான் எழுதுவோம்."

"தப்புன்னு சொல்லலை. யாருன்னு கேக்கறேன்."

"எதுக்கு யாரு?"

"ஒவ்வொண்ணுக்கும்."

நப்பின்னை பீன்ஸ் பறிக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். முதலில் சுலபமாக வந்தது. முடிவை எடுத்தவர் சேர்மன். கூட்டத்தைக் கூட்டியவர் செக்ரட்டரி. அடித்து அடித்து எழுதிக்கொண்டே போனார். பட்டியலுக்கு வந்தபோது பேனா நின்றது. 'பெர்சனல் மேனேஜர் தயாரித்தார்' என்று எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தின் மேல் மஞ்சு படர்ந்து மை லேசாகக் கலங்கியது.

அன்று மதியம் ஒரு கனவு வந்தது.

கம்பெனிக்குள் நடக்கிறார். எந்திரங்கள் ஓடுகின்றன, யாரும் ஓட்டவில்லை. கதவுகள் திறந்து மூடுகின்றன, எந்தக் கையும் அவற்றைத் தொடவில்லை. காற்றில் கடிதங்கள் மிதந்து வந்து மேசை மேசையாக இறங்குகின்றன. மேசைகளிலும் ஆள் இல்லை. சத்தமே இல்லாத வெள்ளை வெளிச்சம். அவருக்குப் பயமாக இல்லை, நிம்மதியாகவே இருந்தது. இப்படியே நடந்துகொண்டே இருக்கலாம் போலிருந்தது.

கேன்டீனுக்குள் நுழைந்தார். அங்கே ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகம் இருந்தது.

சென்னியப்பன் விழித்துக்கொண்டார்.

இரண்டு நாளில் எல்லா வட்டங்களையும் முடித்தார். ஒன்றுதான் பாக்கி. இருநூற்று எழுபத்தோராம் பக்கம். அதை எடுத்துக்கொண்டு நப்பின்னையிடம் போனார்.

"இதை மட்டும் அப்படியே விட்டுடலாமா?"

நப்பின்னை வாங்கிப் படித்தார். 'தொழிலாளர்களுக்கு நம்பிக்கை அளிக்கப்பட்டது.'

"யார் அளிச்சாங்க?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"மருதாசலம்னு ஒரு ஃபோர்மேன். கேன்டீன்ல பக்கத்துல வந்து உக்காந்தார். 'யூனிட்டை மூடப் போறதாப் பேச்சு அடிபடுதுங்களே. நான் வீடு கட்ட ஆரம்பிக்கட்டுமுங்களா?'ன்னு கேட்டார். வேலையை விட்டு நிறுத்தப் போற ஆளுங்க பட்டியல், அவர் பேரோட, என் சட்டைப்பையில இருந்துச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. தைரியமா ஆரம்பிங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஆறு வாரத்துல மூடிட்டோம். அவர் வீடு என்ன ஆச்சுன்னு தெரியாது. ஒன்பது வருஷம் ஆச்சு."

நப்பின்னை எழுந்தார். மீதிக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த ஒரு பக்கத்தை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"மேட்டுப்பாளையம் பஸ் பதினொண்ணு இருபதுக்கு."

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க மஞ்சு பின்னால் போனது. வெயில் வந்தது. ஆனாலும் அவருக்குக் கனவு கலைந்த மாதிரி இல்லை. தெரிந்த ஊர்களெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல நகர்ந்தன.

பழைய யூனியன் ஆள் ஒருவர் மருதாசலத்தின் விலாசம் சொன்னார். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சந்து. முன்பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை, பின்பக்கம் வீடு. மருதாசலம் தரையில் உட்கார்ந்து செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"சாருங்களா. வாங்க."

சென்னியப்பன் உட்காரவில்லை. "ஒரு நாவல் எழுதறேனுங்க. அதுல ஒரு பக்கம் உங்ககிட்டப் படிச்சுக் காட்டணும்."

"படிங்க."

படித்தார். மருதாசலம் கம்பி சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், "யாரு யாருக்குங்க நம்பிக்கை குடுத்தது?" என்றார்.

"நான். உங்களுக்கு." சென்னியப்பன் காகிதத்தைக் கீழே இறக்கினார். "வீடு கட்ட ஆரம்பிக்கச் சொன்னனே, அன்னைக்குப் பட்டியல் என் பையிலயே இருந்துச்சுங்க. அதுல உங்க பேரும் இருந்துச்சு."

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"அப்பவேதானுங்க." மருதாசலம் கம்பியைப் பல்லால் பிடித்து முடிச்சுப் போட்டார். "நான் கேட்டது உங்களை. நீங்க பதில் சொன்னது டீ டம்ளருக்கு. தலையே நிமிரலை. எனக்குப் புரிஞ்சு போச்சு. அஸ்திவாரத்துக்குக் குழி மட்டும் எடுத்திருந்தோம், மறுநாளே மூடிட்டேன். இந்த வீடு அப்புறம் நாலு வருஷம் கழிச்சுக் கட்டினது."

ஒன்பது வருடமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது சட்டென்று எழுந்துகொண்ட மாதிரி இருந்தது. அந்த மனிதரின் வீடு பாதியில் நிற்கவில்லை. அவர் நொடித்துப் போகவில்லை. சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாக மூச்சு விட்டார்.

அடுத்த மூச்சில் வேறொன்று நினைவுக்கு வந்தது.

"அதுக்கப்புறமும் ஆறு வாரம் தினமும் எனக்கு வணக்கம் வெச்சீங்களே."

"ஆமாங்க."

"தெரிஞ்சுமா?"

"ஒரு நாளாச்சும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுவீங்கன்னுதான் வெச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. எப்போதோ பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அது ஓடி, நின்றது.

மருதாசலம் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கதையில நான் இருக்கறனுங்களா?"

"இந்த வரியிலதான் இருக்கீங்க."

"பேரு இல்லீங்களே."

"இல்லைங்க."

"சரி. இதுக்கப்புறம் நான் என்ன ஆகறேன்?"

சென்னியப்பன் மனத்துக்குள் இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போனார். சேர்மன் இருந்தார். ஷேர் விலை இருந்தது. புது யூனிட்டின் திறப்பு விழா இருந்தது. நானூறாம் பக்கம் வரைக்கும் தேடினார்.

"தெரியலைங்க" என்றார்.

மருதாசலம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. சொல்றேன்."